வளர்த்தெடுக்க ஒரு குவார்ட்டர்பேக்கை டிராஃப்ட் செய்யலாமா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் வந்தால் என்எஃப்எல் ரசிகர்களிடையே இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடும். "நம்ம ஸ்டார்ட்டர் நல்லாத்தானே ஆடுறார், இன்னொரு குவார்ட்டர்பேக் எதுக்கு?" என்பார் ஒருவர். "ஜாம்பவான் டாம் பிரேடியையே ஆறாவது ரவுண்டில்தானே எடுத்தார்கள்?" என்பார் அடுத்தவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயரை மட்டும் வைத்து வாதாடினால் விடை கிடைக்காது. அணியின் நிலைமையைப் படிப்படியாகப் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில் 32 அணிகள். பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். முதலில் களமிறங்குபவர் ஸ்டார்ட்டர், அவருக்கு மாற்றாக இருப்பவர் பேக்கப். கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அது 7 ரவுண்டு நடக்கும். அதில் தேர்வாகும் வீரருக்கு 4 வருட ஒப்பந்தம். முதல் ரவுண்டு வீரர் என்றால் ஐந்தாவது வருடத்தையும் நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. சீசன் தொடங்கும்போது அணியில் 53 பேருக்குத்தான் இடம். இந்த நான்கு வருடம், 53 இடம் என்ற இரண்டு கணக்குகளுக்குள்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் உறுதியாக இருக்கும் அணி, நான்காவது ரவுண்டிலோ அதற்குப் பிறகோ அடிக்கடி ஒரு இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்து வளர்க்க வேண்டும். ஆனால் அவரை இந்த வருடத்துப் பேக்கப்பாக நம்பி எடுக்கக் கூடாது. இதில்தான் பல அணிகள் சறுக்குகின்றன.

படி 1: இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்

வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட்டருக்கு முழங்கால் போனால் உள்ளே வந்து ஆட்டத்தைக் காப்பாற்றுவது ஒரு வேலை. மூன்று வருடம் கழித்து ஸ்டார்ட்டர் ஆவதற்காகக் கற்றுக்கொண்டிருப்பது வேறொரு வேலை. முதலாவதுக்கு அனுபவம் வேண்டும். இரண்டாவதுக்கு வளர இடம் இருக்கும் இளைஞர் வேண்டும். 22 வயதுப் பையன் ஒருவரிடம் முதல் வருடமே இரண்டையும் எதிர்பார்ப்பது அவருக்கும் நல்லதில்லை, அணிக்கும் நல்லதில்லை.

2011 இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 முதல் 2010 வரை பெய்ட்டன் மேனிங் ஒரு ஆட்டம்கூடத் தவறவிட்டதில்லை. பயிற்சியிலும் தன் முறையை எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்ல. அவருக்குப் பின்னால் இருந்தவர் 2009இல் ஆறாவது ரவுண்டில் எடுக்கப்பட்ட கர்டிஸ் பெய்ன்ட்டர். 2011இல் கழுத்து அறுவை சிகிச்சையால் மேனிங் முழு சீசனும் இல்லை என்றானபோது, ஓய்வு பெற்றிருந்த கெர்ரி காலின்ஸை அவசரமாக அழைத்து வந்தார்கள். அவர் மூன்றே ஆட்டங்களில் காயமடைந்தார். பிறகு பெய்ன்ட்டர், அதன் பிறகு டான் ஒர்லோவ்ஸ்கி. முதல் 13 ஆட்டங்களிலும் தோல்வி. கடைசியில் 2 வெற்றி, 14 தோல்வி. பெய்ன்ட்டரை எடுத்ததைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். அவரை வளர்க்காமலேயே இரண்டாம் இடத்தில் உட்கார வைத்ததுதான் தவறு.

இதற்கு நேர் எதிர் 2008 நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். சீசனின் முதல் ஆட்டத்திலேயே கான்சாஸ் சிட்டி வீரர் ஒருவர் மோதி டாம் பிரேடியின் முழங்கால் போனது. உள்ளே வந்தவர் மேட் கேசல். 2005இல் ஏழாவது ரவுண்டில், 230ஆவது ஆளாக வந்தவர். யூஎஸ்சி கல்லூரியில் கார்சன் பாமர், மேட் லைனார்ட் என்று இரண்டு பேருக்குப் பின்னால் காத்திருந்து காலம் போனவர். வந்த சற்று நேரத்திலேயே சொந்த எண்ட் ஸோனுக்குள் (களத்தின் கடைசிப் பகுதி) நின்றபடி ராண்டி மாஸுக்கு ஒரு நீளமான பாஸ் போட்டார். அந்த சீசன் 11 வெற்றி, 5 தோல்வி. அதே ஆட்டமுறையில் அவருக்கு அது நான்காவது வருடம் என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்று வருடம் கற்றுக்கொண்ட பிறகுதான் இந்தச் சோதனை வந்தது.

"அப்படியானால் டாக் பிரெஸ்காட்? பிராக் பர்டி? முதல் வருடமே ஆடினார்களே?" என்று கேட்பீர்கள். சரி, அவர்கள் எந்த இடத்தில் இருந்தார்கள் என்று பாருங்கள். 2016இல் டாலஸில் பிரெஸ்காட், டோனி ரோமோவுக்கும் கெலன் மூருக்கும் பின்னால் மூன்றாவது ஆள். 2022இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பர்டி, ட்ரே லான்ஸுக்கும் ஜிம்மி கரோப்போலோவுக்கும் பின்னால் மூன்றாவது ஆள். முன்னால் இருந்த இருவரும் காயமடைந்த பிறகே வாய்ப்பு வந்தது. முதல் வருடத்தில் அவர்களை நம்பி எந்த அணியும் திட்டம் போடவில்லை.

ஆகவே முதல் விதி: டிராஃப்டில் எடுக்கும் பையன் முதல் இரண்டு வருடம் மூன்றாவது ஆள். இரண்டாவது நாற்காலிக்கு ஏற்கனவே என்எஃப்எல்லில் ஆடிய ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கொண்டுவாருங்கள். 2017 டிசம்பரில் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் போனபோது ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் நிக் ஃபோல்ஸ் அப்படித்தான் இருந்தார். அந்த சீசனின் சூப்பர் பவுலில், அதாவது லீகின் இறுதி ஆட்டத்தில், பேட்ரியட்ஸை 41-33 என்று வென்றதும், சிறந்த வீரர் விருதை வாங்கியதும் அவர்தான்.

படி 2: ஸ்டார்ட்டரின் வயதையும் ஒப்பந்தத்தையும் கணக்குப் போடுங்கள்

பெரிய விலை கொடுத்து வாரிசைத் தேர்ந்தெடுத்த அணிகளில் ஒரு ஒற்றுமை தெரியும். 2005இல் கிரீன் பே அணி ஆரன் ராட்ஜர்ஸை 24ஆவது தேர்வில் எடுத்தபோது பிரெட் ஃபார்வுக்கு 35 வயது. 2014இல் பேட்ரியட்ஸ் கரோப்போலோவை 62ஆவது தேர்வில் எடுத்தபோது பிரேடிக்கு 36. 2020இல் கிரீன் பே ஜோர்டன் லவ்வை 26ஆவது தேர்வில் எடுத்தபோது ராட்ஜர்ஸுக்கும் 36.

இந்த வயதில் ஸ்டார்ட்டர் இருந்தால் ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில், ஸ்டார்ட்டரின் உத்தரவாதப் பணம் எந்த வருடம் தீர்கிறது என்று. இரண்டாவது வரியில், இந்த வருடம் எடுக்கும் பையனின் நான்காவது வருடம் எது என்று. முதல் வரியில் உள்ள வருடம் இரண்டாவது வரியில் உள்ளதைவிட முன்னால் வந்தால் திட்டத்துக்கு அர்த்தம் உண்டு. பின்னால் வந்தால், பையன் ஒரு ஆட்டமும் தொடங்காமலே ஒப்பந்தம் முடிந்து போய்விடுவார்.

லவ்வை எடுத்த முடிவு அன்று கிரீன் பே ரசிகர்களை மிகவும் காயப்படுத்தியது. அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. முந்தைய சீசனில்தான் அந்த அணி 13 வெற்றிகளோடு என்எஃப்சி (லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டம் வரை போயிருந்தது. ராட்ஜர்ஸுக்கு உடனே கைகொடுக்க, அவர் வீசும் பாஸைப் பிடிக்க, ஒரு ரிசீவர் வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அணியோ கூடுதலாக நான்காவது ரவுண்டுத் தேர்வையும் கொடுத்து, 30இலிருந்து 26க்கு முன்னேறி, உடனே ஆடப்போகாத ஒருவரை எடுத்தது. ராட்ஜர்ஸ் 2020, 2021 இரண்டு சீசனிலும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஆனால் அணி சூப்பர் பவுலை எட்டவில்லை. ஒரு ரிசீவர் இருந்திருந்தால் எட்டியிருக்குமா என்ற கேள்வி என்றைக்கும் தீராது. இருந்தாலும் நான் அந்த முடிவின் பக்கம்தான் நிற்பேன். லவ் மூன்று வருடம் அமர்ந்து, 2023இல் பொறுப்பேற்று, முதல் சீசனிலேயே பிளேஆஃபில் (நாக்-அவுட் சுற்று) டாலஸை அதன் சொந்த மைதானத்தில் 48-32 என்று வீழ்த்தினார். குவார்ட்டர்பேக் இல்லாத அணி எத்தனை வருடங்களைத் தொலைக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த விலை பெரிதாகத் தெரியாது.

இளம் ஸ்டார்ட்டர் இருக்கும்போது பெரிய விலை கொடுப்பது வேறு கதை. 2019இல் 128 மில்லியன் டாலர் நீட்டிப்பு வாங்கிய வென்ட்ஸுக்கு 27 வயதாக இருக்கும்போதே, 2020இல் ஈகிள்ஸ் இரண்டாவது ரவுண்டில் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தது. அந்த டிசம்பரிலேயே ஹர்ட்ஸ் வென்ட்ஸின் இடத்துக்கு வந்தார். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலையும் வென்றார். முடிவு பிரமாதம். ஆனால் ஸ்டார்ட்டர் அதை எப்படி எடுத்துக்கொள்வார், ஓய்வறையில் யார் யார் பக்கம் நிற்பார்கள் என்பதற்கெல்லாம் தயாராக இல்லாத அணி அதைப் பின்பற்றக் கூடாது.

படி 3: எந்த ரவுண்டு?

முதல் ரவுண்டு என்றால் அவர் வளர்த்துப் பார்க்கும் ஆள் அல்ல, அடுத்த ஸ்டார்ட்டர். அப்படி நினைக்காவிட்டால் எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, மூன்றாவது ரவுண்டுகள்தான் ஆபத்தானவை. அங்கே கிடைக்கும் மற்ற இடங்களின் வீரர்கள் எல்லாம் ஓரிரு வருடத்தில் ஸ்டார்ட்டர் ஆகக்கூடியவர்கள். அவர்களை விட்டுவிட்டு எடுத்த குவார்ட்டர்பேக் ஆடவே இல்லை என்றால் நட்டம் உண்மையிலேயே வலிக்கும். நியூயார்க் ஜெட்ஸ் 2016இல் 51ஆவதாக எடுத்த கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க் ஒரு வழக்கமான சீசன் ஆட்டத்திலும் இறங்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ் 2015இல் 75ஆவதாக எடுத்த காரெட் கிரேசன் ஒரு பாஸ்கூட வீசவில்லை. ஹர்ட்ஸும் கரோப்போலோவும் இதே பகுதியில் வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 'இவர் நிச்சயம் ஸ்டார்ட்டர் ஆவார்' என்று உங்கள் ஸ்கவுட்டுகள் (வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள்) எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே அந்த விலையைக் கொடுங்கள். 'பார்க்கலாம்' என்ற மனநிலையில் கொடுக்காதீர்கள்.

நான்காவது ரவுண்டிலிருந்து கணக்கே மாறுகிறது. அங்கே எடுக்கப்படும் பலர் ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) ஓடிவிட்டுப் போகிறவர்கள். தோற்றால் இழப்பு சிறிது. ஜெயித்தால் கிடைப்பதோ பெரிது. எத்தனையாவதாக எடுக்கப்பட்டார்கள் என்று பாருங்கள்: கிர்க் கசின்ஸ் 102, பிரெஸ்காட் 135, மேட் ஹேசல்பெக் 187, பிரேடி 199, பர்டி 262. பர்டியின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமே சுமார் 3.7 மில்லியன் டாலர். 2025இல் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 279.2 மில்லியன். சூப்பர் பவுலுக்குப் போன குவார்ட்டர்பேக்குக்கு அவ்வளவுதான் செலவு என்றால், மிச்சப் பணத்தில் எத்தனை நல்ல வீரர்களை வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மயங்கவும் கூடாது. பிரேடி வந்த அதே 2000 டிராஃப்டில் அவருக்கு முன்பு ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். அதில் மூன்றாவது ரவுண்டில் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்த ஜியோவானி கார்மாஸி ஒரு வழக்கமான சீசன் ஆட்டமும் ஆடவில்லை. ஒருமுறை எடுத்துவிட்டு அதிர்ஷ்டத்துக்குக் காத்திருந்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். திரும்பத் திரும்ப எடுப்பதில்தான் பலன் இருக்கிறது.

அதை முறையாகச் செய்தவர் 1990களில் கிரீன் பேயின் ஜெனரல் மேனேஜராக இருந்த ரான் வுல்ஃப். இளமையும் தெம்புமான ஃபார்வ் கையில் இருக்கும்போதே, 1992இல் டை டெட்மர், 1993இல் மார்க் புரூனல், 1998இல் ஹேசல்பெக், 1999இல் ஆரன் புரூக்ஸ் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். நால்வரும் நான்காவது ரவுண்டோ அதற்குப் பிறகோ வந்தவர்கள். புரூனலை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து மூன்றாவது, ஐந்தாவது ரவுண்டுத் தேர்வுகளை வாங்கினார். ஐந்தாவது ரவுண்டில் எடுத்தவருக்கு இந்த வருமானம்! ஹேசல்பெக்கை சியாட்டலுக்கு அனுப்பி, முதல் ரவுண்டில் 17இலிருந்து 10க்கு ஏறியதோடு மூன்றாவது ரவுண்டுத் தேர்வு ஒன்றையும் பெற்றார். விலை குறைவாக இருந்தால் ஸ்டார்ட்டரின் வயதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்பதற்கு வுல்ஃபின் வருடங்களே சாட்சி.

படி 4: சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா?

இந்தப் படியைத்தான் ரசிகர்கள் அதிகம் தாண்டிப் போகிறார்கள். எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

சீசன் நடக்கும்போது ஒரு புதன்கிழமைப் பயிற்சி எப்படி இருக்கும் என்று பாருங்கள். முதல் அணியோடு ஏறக்குறைய எல்லா ஸ்நாப்களையும் (ஒவ்வொரு முறை பந்தை ஆட்டத்துக்கு விடுவது) ஸ்டார்ட்டரே எடுத்துக்கொள்வார். இளம் குவார்ட்டர்பேக் ஸ்கவுட் டீமோடு மறுபக்கம் நிற்பார். கோச் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அதில் வரும் ஞாயிறு எதிரணி ஆடப்போகும் ஆட்டம் வரைந்திருக்கும். பையன் அதைப் பார்த்து, சொந்த டிஃபென்ஸுக்குப் பயிற்சியாக எதிரணியின் குவார்ட்டர்பேக்காக நடிப்பார். அதாவது, வாரம் முழுக்க வீசிக்கொண்டே இருந்தாலும் தன் அணியின் ஆட்டமுறையில் அவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இதற்கு மேல், 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு கோடைப் பயிற்சிகள் சுருங்கின. 2021 முதல் பெரும்பாலான அணிகளுக்கு சீசனுக்கு முந்தைய பிரீசீசன் ஆட்டங்கள் மூன்றே. அனுபவம் பெற அனுப்பி வைக்க இருந்த என்எஃப்எல் யூரோப் லீகும் 2007இல் மூடப்பட்டது. கர்ட் வார்னர் ஆம்ஸ்டர்டாமில் ஆடிப் பழகியது அங்கேதான். ஆக, சும்மா பெஞ்சில் உட்கார வைத்தால் பையன் தானாக வளர்ந்துவிடுவார் என்பது இன்று நடக்காத காரியம்.

அதனால் அணியைப் பற்றி இவற்றைக் கேளுங்கள். பயிற்சி முடிந்த பிறகு இளையவரோடு தனியாக நேரம் செலவிடும் குவார்ட்டர்பேக் கோச் இருக்கிறாரா? தலைமைக் கோச்சின் நாற்காலி குறைந்தது இரண்டு வருடம் பத்திரமா? ஆட்டமுறையை வகுப்பவர் வருடத்துக்கு ஒருவராக மாறினால் பையன் ஒவ்வொரு வருடமும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். லவ்வுக்கு மூன்று வருடமும் மேட் லாஃப்ளூரே தலைமைக் கோச். ராட்ஜர்ஸை இளமையில் பயிற்றுவித்த டாம் கிளெமென்ட்ஸ் 2022இல் திரும்பி வந்து லவ்வுடனும் வேலை செய்தார். இந்த வசதி இல்லாத அணி, தன் கோச் வேலை இழக்கும் நிலையில் இருக்கும் அணி, இந்தத் தேர்வை இந்த வருடம் செய்யவே வேண்டாம்.

படி 5: எப்படிப்பட்ட பையன்?

கை வலிமைக்கு ஆசைப்படாதீர்கள். குறி தவறாமல் வீசுவதும், நேரத்தோடு முடிவெடுப்பதும் முதலில். உயரம், வலிமை எல்லாம் இருந்தும் ஹேக்கன்பெர்க்குக் குறி தவறிக்கொண்டே இருந்தது. அது கல்லூரிக் காலத்திலேயே தெரிந்தது. பர்டியிடம் கை வலிமையோ உயரமோ பெரிதாக இல்லை, ஆனால் அயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடிய அனுபவம் இருந்தது. ஜோஷ் ஆலன் குறியைப் பின்னால் சரிசெய்துகொண்டாரே என்றால், அவர் ஏழாவது தேர்வில் வந்து, ஆடிக்கொண்டே திருத்திக்கொண்டவர். மூன்றாவது நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

வயதையும் பாருங்கள். 2021இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிவதால் பலர் கூடுதல் வருடம் கல்லூரியிலேயே தங்குகிறார்கள். 2023இல் டெட்ராய்ட் மூன்றாவது ரவுண்டில் எடுத்தபோது ஹெண்டன் ஹூக்கருக்கு 25 வயது, முழங்கால் காயமும் இருந்தது. 2025 சீசனுக்கு முன் அணி அவரை விடுவித்தது. வளர்க்க மூன்று வருடம் வேண்டும் என்றால் 22 வயதுக்காரரும் 25 வயதுக்காரரும் ஒன்றல்ல.

படி 6: 53 பேரில் அவருக்கு இடம் உண்டா?

டிராஃப்ட் அன்று யாரும் கேட்காத கேள்வி இது. ஆகஸ்ட் கடைசியில் அணியை 53 ஆகக் குறைக்கும்போது பையனை நீக்கினால் அவர் வெய்வருக்குப் போவார். வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காமல் உங்கள் பிராக்டிஸ் ஸ்குவாடுக்கே (53க்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் குழு) வந்தாலும், இன்னொரு அணி தன் 53இல் இடம் கொடுத்துக் கூட்டிப் போக வழி உண்டு.

2000ஆம் ஆண்டில் ஒரே ரவுண்டில் இரண்டு பேருக்கு நடந்ததைப் பாருங்கள். ஆறாவது ரவுண்டில் 168ஆவதாக மார்க் பல்ஜரை நியூ ஆர்லியன்ஸ் எடுத்தது. சீசனுக்கு முன் விட்டுவிட்டது. அவர் கடைசியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸில் ஸ்டார்ட்டராகி இரண்டு முறை புரோ பவுலுக்கு (நட்சத்திர வீரர்களின் ஆட்டம்) தேர்வானார். அதே ரவுண்டில் 31 இடம் கழித்துப் பிரேடியை எடுத்த பேட்ரியட்ஸ், இடம் போதாத நிலையிலும் அந்த வருடம் நான்கு குவார்ட்டர்பேக்குகளை வைத்துக்கொண்டது. அந்த சீசன் முழுவதும் பிரேடி வீசியது மூன்றே பாஸ். அடுத்த வருடம் செப்டம்பரில் டிரூ பிளெட்சோ அடிபட்டபோது அவர் தயாராக இருந்தார்.

2023 ஜனவரி என்எஃப்சி இறுதி ஆட்டம் இந்த இடத்தின் மதிப்பை எல்லோருக்கும் காட்டியது. தொடக்கத்திலேயே பர்டியின் முழங்கைத் தசைநார் போனது. மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு ஆள் இல்லாததால், நீளமாக வீச முடியாத கையோடு பர்டியே திரும்ப வந்து பந்தை ஓட்டக்காரர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபிலடெல்பியா 31-7. அதன் பிறகுதான் அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக்கைத் தயாராக வைக்கும் விதியை லீக் மீண்டும் கொண்டுவந்தது. மூன்றாவது ஆளுக்கு இடம் கொடுப்பது அதனால் முன்பைவிடச் சுலபம்.

படி 7: வெளியேறும் தேதியை முதல் நாளே குறியுங்கள்

முதல் வருடம் மூன்றாவது ஆள். இரண்டாம் வருடம் பிரீசீசனில் நிறைய ஸ்நாப்கள். அதில் முன்னேற்றமே தெரியாவிட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள், ஆறாவது ரவுண்டுத் தேர்வுக்காக மூன்று வருடம் அழ வேண்டாம். மூன்றாம் வருடம் அவர் உண்மையான பேக்கப். மூன்றாம் வருடம் முடிந்ததும் மூன்றில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: ஸ்டார்ட்டராக்குவதா, விற்பதா, நான்காவது வருடமும் பேக்கப்பாக வைத்து இலவசமாகப் போகவிடுவதா.

முடிவெடுக்காமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்வர். 2012இல் இரண்டாவது ரவுண்டில் வந்த பிராக் ஆஸ்வெய்லர், கோல்ட்ஸை விட்டு அங்கே வந்திருந்த மேனிங்குக்குப் பின்னால் காத்திருந்து, நான்காவது வருடமான 2015இல் ஏழு ஆட்டங்களைத் தொடங்கி ஐந்தை வென்றார். சூப்பர் பவுலை மேனிங் வென்று ஓய்வு பெற்ற அதே வசந்தத்தில், வாரிசு 72 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோடு ஹூஸ்டனுக்குப் போய்விட்டார்.

பேட்ரியட்ஸ் இந்த அட்டவணையை நன்றாகவே கடைப்பிடித்தது. 2011இல் எடுத்த ரயன் மேலட்டின் கடைசி ஒப்பந்த வருடம் வருவதற்குள் 2014இல் கரோப்போலோ வந்துவிட்டார். மேலட்டை அந்த ஆகஸ்டிலேயே ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். கரோப்போலோவுக்கு இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருக்கும்போது 2016இல் மூன்றாவது ரவுண்டில் ஜகோபி பிரிசெட் வந்தார். 2017 அக்டோபரில் கரோப்போலோவைக் கொடுத்து சான் ஃபிரான்சிஸ்கோவின் இரண்டாவது ரவுண்டுத் தேர்வை வாங்கினார்கள். ஒப்பந்தத்தின் கடைசி சீசன் நடந்துகொண்டிருந்ததால் அதற்கு மேல் பேரம் பேச முடியவில்லை. முந்தைய வசந்தத்திலேயே விற்றிருந்தால் கூடுதலாகக் கேட்டிருக்கலாம். உங்கள் அணி இந்த ஏப்ரலில் ஒருவரை எடுத்தால், மூன்று வருடம் கழித்து வரும் மார்ச் மாதத்தைக் காலெண்டரில் குறித்து வையுங்கள். அவரை விற்கவோ உயர்த்தவோ முடிவு செய்ய வேண்டிய மாதம் அது. அடுத்த பையனைத் தேடும் வேலையும் அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.